தரையிலிருந்து நாற்காலிக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். சென்ற வைகாசியில் என் அப்பா தமது 84ஆம் வயதில் காலமானார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து உறவினர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் என் பேரனின் குறும்பைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அருகிலிருந்த அத்தை, அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லையே என்றார். அன்று முதல் சிரிப்பதற்கே அஞ்சுகிறேன்.

அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு பழைய செய்தி இந்நாட்களில் நினைவுக்கு வருகிறது. என் தாத்தா போருக்கு முன்பு ரங்கூனில் ஒரு யூத வணிகரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த முதலாளி தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்திருப்பாராம். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லமாட்டாராம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதாம். ஆனால் உச்சிப்பொழுது சாய்ந்ததும், நோன்பு முடியாத நிலையிலேயே எழுந்து நாற்காலியில் அமர்ந்துகொள்வாராம். வீட்டுப் பெண்கள் வீட்டைப் பெருக்கத் தொடங்குவார்களாம். ஏன் என்று தாத்தா கேட்டதில்லை. அது என்ன நாள்? அழுவதற்கென்றே ஒரு காலத்தை ஒதுக்கி வைத்தவர்கள் அதற்குள் ஆறுதலை எப்படிக் கண்டார்கள்?
— வாசகி, தாம்வே, யாங்கோன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு என் ஆழ்ந்த இரங்கல். உங்கள் தாத்தா கண்டது யூதர்களின் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள். எபிரேயத்தில் அதைத் திஷா பெஆவ் என்பார்கள். அதற்கு 'ஆவ் மாதத்து ஒன்பது' என்பதே பொருள். எருசலேமில் இருந்த அவர்களது முதல் ஆலயத்தைக் கி.மு. 586இல் பாபிலோனியரும், இரண்டாம் ஆலயத்தைக் கி.பி. 70இல் உரோமரும் அழித்ததை இந்நாளில் நினைவுகூர்கிறார்கள். ஒரு மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், உணவும் நீரும் இல்லை, குளிப்பதில்லை, தோல் காலணி அணிவதில்லை, ஒருவரையொருவர் நலம் விசாரித்து வாழ்த்துவதும் இல்லை. முதலாளி பதில் வணக்கம் சொல்லாதது செருக்கினால் அன்று. இழவு வீட்டில் "வாங்க" என்று முகமலர்ந்து வரவேற்பதை நாமும் தவிர்க்கிறோம் அல்லவா? அன்றைக்கு ஓர் இனத்தின் வீடு முழுவதும் இழவு வீடு.

இந்த நாள் திடீரென்று வந்துவிடுவதில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பே, எருசலேமின் மதில் உடைக்கப்பட்டதை நினைவுகூரும் தம்மூஸ் மாதத்துப் பதினேழாம் நாள் நோன்போடு துக்கக் காலம் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு திருமணம் இல்லை, இசை இல்லை, பலர் முடி வெட்டிக்கொள்வதும் இல்லை. ஆவ் பிறந்ததும், சனிக்கிழமை ஓய்வுநாள் நீங்கலாக, இறைச்சியையும் திராட்சை மதுவையும் விலக்குகிறார்கள். நோன்புக்கு முந்தைய கடைசி உணவில் வேகவைத்த முட்டையைச் சாம்பலில் தொட்டு உண்ணும் வழக்கம் உண்டு. கவனித்துப் பாருங்கள்: நம் வீட்டுத் துக்கம் முதல் நாளில் உச்சத்தில் இருந்து, நாள் செல்லச் செல்ல இறங்குகிறது. இவர்களது பொதுத் துக்கமோ மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஒன்பதாம் நாளில் உச்சத்தை அடைகிறது. கண்முன் இறந்தவருக்கு அழுகை தானாக வரும். கண்ணால் காணாத ஆலயத்துக்காக அழ வேண்டுமென்றால் மனத்தைச் சிறிது சிறிதாகத்தான் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். முதல் ஆலயத்துக்கு ஒன்பதாம் நாள் மாலை நெருங்கும் வேளையில் தீ வைக்கப்பட்டது என்றும், பத்தாம் நாள் முழுவதும் அது எரிந்தது என்றும் யூதர்களின் பழைய சமயச் சட்ட விளக்க நூலான தால்முத் கூறுகிறது. அப்படியானால் பிற்பகலில் துக்கம் கூடத்தானே வேண்டும்? ஆனால் நடைமுறையில் காலையெல்லாம் தரையில் அமர்ந்து புலம்பியவர்கள், தீ மூட்டப்பட்ட அதே பிற்பகலில் எழுந்து இருக்கையில் அமர்கிறார்கள். காலையில் அணியாது விட்ட தொழுகைச் சால்வையைப் பிற்பகல் தொழுகையில் அணிகிறார்கள். "சீயோனுக்காகத் துக்கிப்பவர்களைத் தேற்றும்" என்று தொடங்கும் ஒரு வேண்டுதலையும் அப்போது சேர்க்கிறார்கள். சீயோன் என்பது எருசலேமுக்கு இன்னொரு பெயர். இதற்கு அவர்களது பழைய உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம் கடுமையானது: இறைவன் தன் சினத்தை மரத்தின் மீதும் கல்லின் மீதும் கொட்டினான், அதனால் மக்கள் இனம் முற்றாக அழியாமல் தப்பியது, ஆகவே ஆலயம் பற்றி எரிந்த நொடியே ஆறுதலின் முதல் நொடியும் ஆகும். இந்த விளக்கத்தை என்னால் முழு மனத்தோடு ஏற்க இயலவில்லை. அந்த முற்றுகையில் பசியாலும் வாளாலும் மடிந்தவர்கள் எண்ணற்றோர். எனினும் அழிவு நிகழும் பொழுதிலேயே ஆறுதலைத் தேடிய துணிவை நான் மதிக்கிறேன்.

பெண்கள் வீட்டைப் பெருக்கியதற்கு இன்னும் அழகான காரணம் இருக்கிறது. எருசலேம் தால்முதில் ஒரு கதை வருகிறது. ஒரு யூத உழவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவரது மாடு கத்தியது. அவ்வழியே சென்ற அராபியர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, "ஏரை அவிழ்த்துவிடு, உங்கள் ஆலயம் அழிந்துவிட்டது" என்றார். மாடு மறுபடியும் கத்தியது. "ஏரைப் பூட்டு, உங்கள் மீட்பர் பிறந்துவிட்டார்" என்றார் அவர். குழந்தையின் பெயர் என்ன என்று உழவர் கேட்க, 'மெனஹேம்' என்ற விடை வந்தது. தேற்றுபவன் என்பது அதன் பொருள். அவிழ்க்கச் சொன்ன ஏரை அதே உழவரிடம் அதே வயலில் மீண்டும் பூட்டச் சொல்கிறார். இரண்டு கத்தலுக்கும் இடையே ஒரு சால் ஓட்டும் நேரம்கூட இல்லை. அதனால் மீட்பர் பிறந்த நாளும் இதுவே என்று நம்பி, அவரை வரவேற்பதைப் போல அன்று பிற்பகலில் வீட்டைப் பெருக்கித் தூய்மை செய்யும் வழக்கம் சில சமூகங்களில் ஏற்பட்டது. உங்கள் தாத்தா கண்டது இந்த வழக்கமாகவே இருக்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் வயல்களில் ஏர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் சிரிப்பைப் பற்றி. இரண்டாம் ஆலயம் அழிந்த பிறகு பலர் இனி இறைச்சி உண்பதில்லை, மது அருந்துவதில்லை என்று உறுதி பூண்டார்கள். பலிபீடமே இல்லாதபோது நமக்கு இவை எதற்கு என்பது அவர்களது வாதம். அவர்களிடம் யூத சமய ஆசானான ரப்பி யோசுவா, அப்படியானால் ரொட்டியையும் விட்டுவிடுங்கள், ஆலயத்தில் மாவுப் படையலும் நின்றுவிட்டதே; கனிகளையும் தண்ணீரையும்கூட விடுங்கள், அவற்றின் காணிக்கையும் நின்றுவிட்டதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர்கள் வாயடைத்து நின்றபோது அவர் சொன்னதன் சாரம் இது: துக்கம் காக்காமலே இருப்பதும் நம்மால் முடியாது, அளவு மீறித் துக்கம் காப்பதும் நம்மால் முடியாது. ஆகவே வீட்டுக்குச் சாந்து பூசுங்கள், ஆனால் ஒரு சிறு பகுதியைப் பூசாமல் விடுங்கள். விருந்துக்கு எல்லாவற்றையும் சமையுங்கள், ஏதேனும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு எதிரே ஒரு முழம் சதுரத்துக்குப் பூசாமல் விட்ட சுவரை இன்றும் சில யூத வீடுகளில் காணலாம்.

தனி மனிதரின் துக்கத்துக்கும் அவர்கள் இப்படியே அளவு வைத்திருக்கிறார்கள். அழுகைக்கு 3 நாள், இரங்கலுக்கு 7 நாள், முடி களையாமலும் சலவை மடிப்புடைய ஆடை உடுத்தாமலும் இருக்க 30 நாள், அதற்கு மேல் அழுபவரைப் பார்த்து, "இறந்தவர் மீது என்னைவிட உனக்கு இரக்கம் அதிகமா?" என்று இறைவன் கேட்பானாம். தாய் தந்தையர்க்கு மட்டும் துக்கம் 12 மாதம் நீள்கிறது. அதில் 11 மாதம் மகன் நாள்தோறும் சொல்லும் கத்தீஷ் என்னும் தொழுகையில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனின் பெயரைப் போற்றுவதுதான். உங்கள் அப்பாவுக்காக ஓராண்டு பண்டிகை கொண்டாடாமல் இருங்கள். அது பூசாமல் விட்ட சுவர். பேரனின் குறும்புக்குச் சிரித்தது மீதி வீட்டுக்குப் பூசிய சாந்து. அத்தையிடமும் இதைச் சொல்லுங்கள். அவரும் அண்ணனையோ தம்பியையோ இழந்தவர்தானே, அவருடைய கண்டிப்புக்குள்ளும் ஓர் அழுகை இருக்கும்.

கேள்வி: நாம் ஆடியில் திருமணம் செய்வதில்லை. பர்மியர்கள் வாசோ முதல் ததின்ஜூட் வரை செய்வதில்லை. யூதர்களும் இதே பருவத்தில் செய்வதில்லை என்று படித்தேன். மூன்றுக்கும் மூலம் ஒன்றா?
— வாசகர், மோல்மேன்

பதில்: இல்லை. ஆடி நமக்குத் துக்க மாதம் அன்று. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். பர்மியர்களின் மூன்று மாதம் பிக்குகள் மழைக்கால வாசம் காக்கும் தவக்காலம். யூதர்களின் மூன்று வாரமோ வரலாற்றுத் துக்கம். நாட்காட்டியில் அருகருகே அமைந்ததைக் கொண்டு உறவு கற்பிக்க வேண்டாம். ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பல ஆண்டுகளில் ஆடி அமாவாசையன்று நாம் நீத்தாருக்கு எள்ளும் நீரும் இறைத்த ஒன்பது பத்து நாட்களில் அவர்களது நோன்பு வந்துவிடும். 2024இல் ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசை. ஆகஸ்ட் 12 மாலை அவர்களது நோன்பு தொடங்கியது.

கேள்வி: நான் கிறிஸ்தவன். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று ஏசாயா 40ஆம் அதிகாரம் தொடங்குகிறது. யூதர்கள் இந்த வசனத்தைத் துக்க நோன்புக்கு அடுத்த ஓய்வுநாளில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புலம்பல் நூலையும் இதையும் எப்படி இணைக்கிறார்கள்?
— வாசகர், பெகு

பதில்: நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. ஒன்பதாம் நாள் இரவில், விளக்கைக் குறைத்துத் தரையில் அமர்ந்து, எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். அந்நூலின் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகக் கொண்டு பாடப்பட்டவை. நாம் சிறுவயதில் அகர வரிசையில் அறநெறி படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதே வரிசையில் அழுகை. ஓர் எழுத்தில் தொடங்குகிற அழுகைக்குக் கடைசி எழுத்து என்று ஒன்று உண்டு என்பதே ஓர் ஏற்பாடு. மூன்றாம் அதிகாரம் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனம் கொண்டது. நூலின் நட்ட நடுவிலுள்ள அந்த அதிகாரத்தில்தான் இறைவனின் இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வரி வருகிறது. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் இருக்கின்றன, ஆனால் எழுத்து வரிசை குலைந்துபோகிறது. நூலின் கடைசி வசனம் கசப்பானது என்பதால், அதற்கு முந்தைய "எங்களை உம்மிடத்தில் திருப்பும்" என்ற கருத்துள்ள வசனத்தை மீண்டும் ஒருமுறை சொல்லித்தான் வாசிப்பை முடிக்கிறார்கள்.

முதல் அதிகாரத்தில் எருசலேம் நகரம் விதவையாகச் சித்திரிக்கப்படுகிறது. அவளைத் தேற்றுவார் எவரும் இல்லை என்ற பல்லவி அங்கே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்தக் குறைக்கு நேர் விடைதான் ஏசாயாவின் வசனம். அந்த ஓய்வுநாளுக்கே அதன் முதற்சொல்லால் ஷபாத் நஹமு என்று பெயர். எபிரேயத்தில் 'நஹமு, நஹமு' என ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதை ஆற்றுங்கள், தேற்றுங்கள் என்று இரண்டு சொற்களாக்கினார்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் இது விலகல்தான். ஆனால் என்ன அருமையான விலகல்! புண் ஆறும், சூடு ஆறும். அதற்குக் காலம் போதும், வேறு யாரும் வேண்டியதில்லை. தேறுவது வேறு. கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் மொண்டு, அதன் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைத்தால், கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும். கலங்கல் குடத்தை விட்டு வெளியே போவதில்லை, அடியிலேயே இருக்கிறது. மேலே உள்ள நீர் குடிக்கத் தக்கதாகிறது. அதற்குக் கொட்டையைத் தேய்க்க ஒரு கை வேண்டும்.

ஆனால் தேற்றுவதற்கு அனுப்பப்பட்டவர்களை விதவையான அந்தச் சீயோன் உடனே ஏற்றுக்கொண்டாளா என்றால், இல்லை. ஷபாத் நஹமு முதல் அவர்களது புத்தாண்டு வரை ஏழு ஓய்வுநாட்கள். ஏழிலும் ஏசாயாவிலிருந்தே ஆறுதல் பகுதிகளை வாசிக்கிறார்கள். நோன்புக்கு முந்தைய மூன்று வாரமும் கண்டனப் பகுதிகள். அதாவது கண்டனம் மூன்று, ஆறுதல் ஏழு. இந்த ஏழும் நூலில் உள்ள வரிசைப்படி அமையவில்லை. இடைக்கால உரையாசிரியர்கள் அவற்றின் முதல் வரிகளை மட்டும் கோத்து, ஓர் உரையாடலாகக் கண்டார்கள். முதல் வாரம் இறைவன் தீர்க்கதரிசிகளை அனுப்புகிறான்: போய் என் மக்களைத் தேற்றுங்கள். இரண்டாம் வாரம் சீயோன் அவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்: "கர்த்தர் என்னைக் கைவிட்டார்." மூன்றாம் வாரம் தூதர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து, அவள் பெருங்காற்றில் அடிபட்டவளாக, தேற்றரவற்றவளாகவே இருக்கிறாள் என்று அறிவிக்கிறார்கள். நான்காம் வாரம் இறைவன், இனி ஆள் அனுப்பிப் பயனில்லை என்று, தானே வருகிறான்: "நான், நானே உங்களுக்கு ஆறுதல் செய்கிறவர்." அதன் பிறகும் இரண்டு வாரம் அவனே பேசுகிறான், பிள்ளை பெறாதவளே பாடு என்கிறான், எழும்பிப் பிரகாசி என்கிறான். ஏழாம் வாரத்தில்தான் அவள் வாய் திறந்து, நான் மகிழ்கிறேன் என்கிறாள்.

ஓர் ஆறுதலை மறுக்கும் உரிமையை வழிபாட்டு முறையிலேயே எழுதி வைத்த சமயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இழவு வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் தேறிக்கொள்ள வேண்டியதுதான் என்று நாம் நினைப்பதுண்டு. இங்கே அனுப்பியவனே வந்து மூன்று வாரம் பேச வேண்டியிருந்தது.

கேள்வி: யாங்கோன் இருபத்தாறாம் தெருவிலுள்ள யூதர் தொழுகைக் கூடத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு குடும்பத்தோடு எனக்குப் பழக்கமும் உண்டு. அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— வாசகர், சிரியம்

பதில்: அந்தக் கூடத்தின் பெயர் முஸ்மியா யெஷுவா. முதலில் மரத்தால் கட்டப்பட்டது. இன்றுள்ள கற்கட்டடம் 1896இல் நிறைவுற்றது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களின் வழித்தோன்றல்கள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2,500 பேர் இங்கே இருந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டில் நம் பாட்டன்மாரும் அரக்கான் மலைகளையும் தமு காட்டையும் நடந்தே கடந்தார்கள். இப்போது அங்கே எஞ்சியிருப்பவர்கள் இருபது பேர் அளவில்தான். முறையான கூட்டுத் தொழுகைக்கும் கத்தீஷ் சொல்வதற்கும் வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை சேர்கிறது. ஆதலால் அக்குடும்பத்தில் ஒரு துக்கம் நேரும்போது, ஒருவரை இழந்ததோடு பத்தில் ஒன்றையும் இழக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடியும் வரை ஆறுதல் சொல்லப் போக வேண்டாம். இறந்தவர் கண்முன் கிடக்கும்போது நண்பனைத் தேற்றாதே என்பது அவர்களது முன்னோர் வாக்கு. அந்நேரத்தில் வேலைகளில் உதவலாம். அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் அவர்கள் வீட்டில் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். திரும்பி வந்ததும் உண்ணும் முதல் உணவு அண்டை வீட்டார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். நம் வழக்கத்தில் அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் சோறு கொண்டு செல்வதைப் போன்றதே. பெரும்பாலும் வேகவைத்த முட்டையும் பருப்பும் இருக்கும். அவர்களுக்கு உணவு விலக்குகள் உண்டு என்பதால், நீங்கள் சமைத்துக் கொண்டுபோவதற்கு முன் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். தோல் உரிக்காத பழங்கள் என்றால் தயக்கம் வேண்டாம்.

கதவைத் தட்டாமல், அழைப்புக்குக் காத்திராமல், ஓசையின்றி உள்ளே சென்று அமருங்கள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை நீங்கள் பேசக்கூடாது. வேதாகமத்தில் பெருந்துன்பம் அடைந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்ததே இதற்கு முன்னுதாரணம். அவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது என்பது வேறு செய்தி. விடைபெறும்போது பாக்தாத் மரபினர், "வானத்திலிருந்து நீங்கள் தேற்றப்படுவீர்களாக" என்ற கருத்தில் ஒரு வாசகம் சொல்வார்கள். ஐரோப்பிய மரபினர், சீயோனுக்கும் எருசலேமுக்குமாகத் துக்கிக்கும் மற்ற எல்லோரோடும் சேர்த்து இறைவன் உங்களைத் தேற்றுவானாக என்பார்கள். ஒரு வீட்டின் துக்கத்தை ஆவ் மாதத்துப் பொதுத் துக்கத்தோடு சேர்த்துக் கட்டும் வாசகம் அது. நீங்கள் இவற்றில் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; தமிழிலோ பர்மிய மொழியிலோ உங்களுக்கு வருவதைச் சொன்னால் போதும், ஒன்றும் சொல்லாவிட்டாலும் குறையில்லை. எவ்வளவு நேரம் இருப்பது என்ற ஐயத்துக்கும் தால்முதிலேயே விடை இருக்கிறது: துக்கத்தில் இருப்பவர் தலையை அசைத்துவிட்டால், தேற்ற வந்தவர்கள் எழுந்துவிட வேண்டும்.